வந்தவர் மொழியும் இருந்தவர் மனமும்

பல மொழிகள் வழங்கும் நாட்டில், ஓர் ஊரில் முன்பே வாழ்ந்துவரும் மக்கள் பின்னால் வந்து குடியேறியவர்களிடம் இரண்டு எதிர்பார்ப்புகளை வைக்கிறார்கள். எங்கள் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. உங்கள் மொழியை விட்டுவிடுங்கள் என்பது மற்றொன்று. முதலாவது நியாயமானது, ஏனெனில் கடைவீதியிலும் மருத்துவமனையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமல் கூடிவாழ இயலாது. இரண்டாவது பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. முதலாவதைச் சொல்லும்போதே அதையும் சொல்லிவிட்டதாக இரு தரப்பினரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே மொழி பேசுவோர்தாம் ஒரே மக்களாக முடியும் என்னும் நம்பிக்கை அதன் அடியில் கிடக்கிறது. அந்த நம்பிக்கையை உரசிப் பார்ப்பதற்கு ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது.

ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் கேரளத்தாரல்லர்; மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அப்பெயர் பெற்ற, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பழங்குடியினர். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழும் மலையாளிகளைப் போலவே இவர்களும் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது வாய்மொழி மரபு. வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு பதிவுசெய்து, பின்னர் 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய நூலிலும் இடம்பெற்ற கதை இது: கங்குந்தி வேடர்கள் காஞ்சி வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டதால் ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றனர், அவர்களை மீட்க ஏழு வேளாளர்கள் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர், நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் இறந்ததாகக் கொண்டு ஈமச்சடங்கு செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம் வந்தது. ஆட்கள் கரையேறினர்; நாய்கள் பாதியில் திரும்பி ஊர் சேர்ந்தன. வேடர்களைக் கொன்று ஊர் திரும்பியவர்கள் தங்களுக்குக் கருமாதி முடிந்து மனைவியர் கைம்பெண்களாகியிருப்பதைக் கண்டனர்; ஊர் அவர்களை ஏற்கவில்லை. எனவே வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்து வாழ்ந்தனர்.

இக்கதை வரலாறா என்பது வேறு ஆய்வு. கருதத்தக்கது அதன் அமைப்பு. குடிபெயர்ந்தவர்கள் இங்கே வென்று வந்தவர்களாகவோ அழைக்கப்பட்டு வந்தவர்களாகவோ காட்டப்படவில்லை. உயிரோடிருந்தும் ஊரால் இறந்தவர்களாக எண்ணப்பட்டு, தங்களுக்கு அயலாராயிருந்த மக்களிடமே உறவு தேடியவர்களாகக் காட்டப்படுகிறார்கள். மலையாளிகள் தங்கள் தோற்றத்தைச் சொல்லும்போது தூய குலத்தைச் சொல்லவில்லை, கலப்பைச் சொல்கிறார்கள். தங்கள் முன்னோர் கலக்கவே இல்லை என்று நிறுவப் பெருமுயற்சி எடுக்கும் சமவெளிச் சாதி வரலாறுகள் பலவற்றோடு ஒப்பிட்டால், இம்மலைக் கதையின் நேர்மை வியப்பூட்டுகிறது.

இவர்கள் பேசுவது தமிழ். வழிபடும் கடவுளர் தமிழ் நிலத்துக் கடவுளர். செய்யாறு பிறப்பது இந்த மலையில். மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மாவாகிய செங்கம் இருப்பது இம்மலையின் அடிவாரத்தில். ஒரே மொழி ஒரே மக்களை ஆக்கும் என்பது உண்மையானால், சமவெளித் தமிழருக்கும் மலைத் தமிழருக்கும் இடையே எந்தத் தடுப்பும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கும் மலைவாழ் மக்கள் வாயைத் திறந்தவுடன் இனங்காணப்படுவதும், மேற்படிப்புக்குச் செல்லும் மலைப் பிள்ளைகள் விடுதியில் சில மாதங்களுக்குள் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்வதும் இங்குள்ள பெற்றோர் பலரும் அறிந்தவை. அரசின் பழங்குடியினர் பட்டியலும் மொழியை அளவாகக் கொள்ளவில்லை. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் மலையாளிகள் மட்டுமே பழங்குடியினர் என்று அது வரையறுத்ததால், பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து இன்று ஈரோட்டில் அடங்கும் பர்கூர் மலையின் மலையாளிகள், அதே மக்களாயிருந்தும், அந்தத் தகுதியை நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மலையிலிருந்து கீழே பார்த்தால் இதற்கு நேர்மாறான காட்சி தெரிகிறது. வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய தோல் தொழில் நகரங்களில் உருது வீட்டு மொழியாகவும் கவியரங்க மொழியாகவும் வாழ்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919 முதல் நடைபெறுகிறது. அங்கு உருது பேசும் குடும்பங்களில் பலவற்றின் முன்னோர் தமிழ் பேசியவர்களே என்பது, மொழி மாற்றம் எப்போதும் பெரும்பான்மை மொழியை நோக்கியே நிகழும் என்ற பொதுக்கருத்துக்கு அடிவாரத்திலேயே கிடைக்கும் மறுப்பு. கிழக்கே ஆரணி, மராத்தியச் சாகீர்தார்களின் ஆட்சியில் வளர்ந்த ஊர். இன்று பட்டு நெசவின் ஊர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 88 பேர் தமிழையும் ஏறத்தாழ 6 பேர் தெலுங்கையும் தாய்மொழியாகக் குறித்தனர். கன்னடம், உருது, மலையாளம் ஆகியவற்றைக் குறித்தவர்கள் அடுத்து வருகின்றனர்.

தமிழ்நாட்டின் சிறுபான்மை மொழிகளுள் சௌராட்டிரம் தனியே வைத்துப் பார்க்கத் தக்கது. மேற்கு இந்தியாவிலிருந்து பல தலைமுறைகளாகத் தெற்கு நோக்கி நகர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்ற நெசவாளர் சமூகத்தின் மொழி அது. அண்டையில் அதனைப் பேசும் மாநிலமில்லை. அதனைப் பயிற்றுமொழியாகக் கொண்ட அரசுப் பள்ளியில்லை. கணக்கெடுப்பு அட்டவணையில்கூட அது குஜராத்தியின் கீழ் ஒரு தாய்மொழியாக அடக்கப்பட்டுள்ளது. அப்படியிருந்தும் 2011இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் அதனைத் தாய்மொழியென்று எழுதுவித்தனர். மதுரையிலோ பரமக்குடியிலோ கும்பகோணத்திலோ உள்ள சௌராட்டிர வீட்டில், பாட்டி பேத்தியிடம் சௌராட்டிரத்தில் பேசிக்கொண்டே வாசலில் நிற்கும் காய்கறிக்காரரிடம் அந்த ஊர்த் தமிழில் விலை பேசுவார். திருமண அழைப்பிதழைத் தமிழில் அச்சிடுவார்கள். மணமேடையைச் சுற்றி நடக்கும் பேச்சு சௌராட்டிரத்தில் இருக்கும். அம்மக்களை மதுரைக்காரர் அல்லர் என்று சொல்ல மதுரையில் எவரும் துணியமாட்டார். கும்பகோணத்துச் சௌராட்டிரக் குடும்பத்தில் பிறந்த எம். வி. வெங்கட்ராம் ‘காதுகள்’ நாவலுக்காக 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். வீட்டில் தெலுங்கு வழங்கிய கி. ராஜநாராயணன், 1976இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில் வடக்கிலிருந்து ஓடிவந்து கரிசலில் குடியேறிய மக்களின் கதையைச் சொன்னார். கரிசல் தமிழுக்கு இலக்கியத்தில் இடம் தேடித் தந்ததும் அவரே. இவ்விருவரும் தாய்மொழியைக் கைவிட்டதற்கு ஈடாகத் தமிழைப் பெற்றவர்கள் அல்லர்.

ஆக, மொழி ஒன்றாயிருந்தும் மலை மக்கள் வேற்றாராக நடத்தப்பட்டனர். மொழி வேறாயிருந்தும் நெசவாளர் ஊர்க்காரரானார்கள். அவர்களுக்குத் தொழிலும் தெருவும் கோயிலும் சங்கமும் நகரின் நடுவில் இருந்தன. மலையின் சாமைக்கும் தேனுக்கும் புளிக்கும் கடுக்காய்க்கும் விலை சொல்லும் உரிமை மலை மக்களிடம் இருக்கவில்லை. ஒருவர் சமூகத்தில் சேர்வதைத் தீர்மானிப்பது அவர் வீட்டுப் பேச்சு அன்று, நிலத்திலும் சந்தையிலும் அவருக்கு உள்ள நிலை. இதனை மறைத்துவிட்டு மொழியைக் காரணமாகக் காட்டுவது எங்கும் எளிதாயிருக்கிறது.

இங்கே இரு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. சிறுபான்மையினர் தம் மொழியையும் வழக்கங்களையும் விட்டுப் பெரும்பான்மையினரில் கரைந்துபோவதைச் சமூகவியலார் தன்மயமாதல் என்பர். தமக்குரியதை வைத்துக்கொண்டே பொது வாழ்வில் சம பங்கு பெறுவதை ஒருங்கிணைதல் என்பர். மொழியியலார் கூறும் மொழிப்பெயர்ச்சி, ஒரு சமூகம் தன் மொழியின் இடத்தில் வேறொன்றைப் படிப்படியாக அமர்த்துவதாகும். அமெரிக்காவில் குடியேறியவர்களின் மொழிகளை ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன், மொழி ஒரேயடியாக மறைவதில்லை, புழங்குதளங்களை ஒவ்வொன்றாக இழக்கிறது என்று காட்டினார். புழங்குதளம் என்பது வீடு, வழிபாடு, பள்ளி, வேலை போன்று மொழி பயன்படும் வாழ்க்கைப் பகுதி. வந்தவர் தம் மொழியில் பேசுகிறார், அவர் மக்கள் இரண்டிலும் பேசுகிறார்கள், பேரர்கள் புதிய மொழியில் மட்டும் பேசுகிறார்கள் என்பது அங்கே பொதுவாகக் கண்ட போக்கு.

அதே அமெரிக்காவில், முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மானிய வெறுப்பில், எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலமல்லாத மொழியைக் கற்பிப்பதை நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் குற்றமாக்கியது. பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிப்பு சொல்லிக்கொடுத்த ராபர்ட் மேயர் என்னும் ஆசிரியருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1923இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. சட்டம் போயிற்று, ஆனால் ஜெர்மன் பேசிய ஊர்கள் அந்த அச்சத்திலிருந்து மீளவில்லை. தமிழரின் அனுபவமும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டியது. 1860 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் கோயிலையும் காவடியையும் காத்தனர். பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. மலேசியாவிலோ, பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்தக் காலனியச் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியதன் தொடர்ச்சியாக, இன்றும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அங்கே தமிழ் வாழ்கிறது. இலங்கையின் நீர்கொழும்பு, சிலாபம் கடற்கரையில் தமிழ் பேசிய கத்தோலிக்க மக்கள், பள்ளிகளின் பயிற்றுமொழி சிங்களமானபின் சிங்களம் பேசுவோராயினர். மூன்று இடங்களிலும் தமிழ்ப்பற்று ஒன்றுதான், பள்ளிதான் வேறு.

இதனாலேயே தமிழ்நாட்டின் பள்ளிகளைப் பற்றிய கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. 1938இலும் 1965இலும் மொழித் திணிப்பை எதிர்த்து எழுந்த மாநிலம் இது. முதல் போராட்டத்தில் சிறைசென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின் விளைவாக உயிர்நீத்தார்கள். அந்தப் போராட்டத்தின் நியாயம், எந்தப் பிள்ளையின் மொழியையும் ஆட்சியின் வலிமையால் பின்தள்ளக் கூடாது என்பதே. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ்நாட்டில் வளரும் எந்தப் பிள்ளையும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் பள்ளியை விட்டு வெளியேறுவது அப்பிள்ளைக்கே இழப்பாதலின், இச்சட்டத்தின் நோக்கம் முழுமையாக ஏற்கத் தக்கது. பிரச்சினை அடுத்த படியில் எழுகிறது. தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளம் போன்ற தாய்மொழிகள் விருப்பப் பாடமாக நான்காம் பகுதிக்குச் சென்றன. விருப்பப் பாடத்துக்கு ஆசிரியர் பணியிடமும் கால அட்டவணையில் நேரமும் உறுதியில்லாதபோது அது நடைமுறையில் விலகிவிடும். மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் சென்றதும், தேர்வில் தமிழ்த்தாளிலிருந்து மாணவர்க்குச் சில ஆண்டுகள் விலக்குக் கிடைத்ததும் இந்தக் குழப்பத்தின் விளைவுகள். விலக்கு தீர்வாகாது, ஏனெனில் அது பிள்ளையிடமிருந்து தமிழை எடுத்துவிடுகிறது. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. தமிழையும் கொடுத்து, தாய்மொழியையும் விடாமலிருப்பதற்குத் தேவை ஆசிரியர்கள். அவர்களை அமர்த்துவது மாநிலத்தின் கையில் உள்ளது.

இன்றைய குடியேறிகளான ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சிலும் இந்தத் தெளிவு வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, தொழிலாளர்கள் அச்சத்தில் ஊர் திரும்பத் தொடங்கியபோது, பிகார் அரசு ஒரு குழுவையே அனுப்ப நேர்ந்தது. பொய்ச் செய்தி அவ்வளவு விரைவில் நம்பப்பட்டதற்கு, அவர்களைக் கேலிப்பெயரால் அழைக்கும் அன்றாடப் பழக்கமும் வழி செய்தது. திருப்பூரிலும் சென்னையிலும் அரசுப் பள்ளியில் சேரும் அவர்கள் பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் தமிழைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குத் துணைபுரியப் பள்ளிக்கல்வித் துறை எடுக்கும் முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. அந்தப் பிள்ளையின் ஒடியாவையோ போஜ்புரியையோ வகுப்பில் வெட்கப்பட வேண்டிய ஒன்றாக்காதிருப்பது அதனோடு சேர்ந்த கடமை.

இதை ஜமுனாமரத்தூரில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இம்மலையிலிருந்தே ஆண்டுதோறும் கேரளத்துக்கும் கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் ஆந்திரத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். மொழி தெரியாத ஊரில் காவலர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பது என்னவென்று இங்குள்ள குடும்பங்கள் அறியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரில் பலர் இம்மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். வெளியூரில் தம் மக்களுக்கு எந்த மரியாதையைத் தமிழ்நாடு கேட்கிறதோ, அந்த மரியாதையைத் தன்னிடம் வந்தவர்க்கும் அது அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

மலைக்குள்ளேயே செய்ய வேண்டியதும் உண்டு. கோவிலூர், வீரப்பனூர், நம்மியம்பட்டு, கானமலை போன்ற ஊராட்சிகளின் பிள்ளைகள் பயிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குச் சமவெளியிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள். பிள்ளை சொல்வது புத்தகத் தமிழிலிருந்து வேறுபடும்போது, அதனைப் பிழையென்று வெட்டுவதா, இது உங்கள் மலையின் சொல், இது புத்தகத்தின் சொல், இரண்டும் தமிழ் என்று அருகருகே வைப்பதா என்பது ஒவ்வொரு நாளும் வகுப்பறையில் எடுக்கப்படும் முடிவு. முதல்வகை நிகழும் வகுப்பில் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்கிறது. அதனை மந்தமென்று எண்ணும் தவறும் நேர்கிறது. சாமையின் வகைகளுக்கும் விதைப்பின் பருவங்களுக்கும் காட்டு மரங்களுக்கும் தேனெடுக்கும் கருவிகளுக்கும் உறவு முறைகளுக்கும் மலையில் வழங்கும் சொற்களை மூப்பன்மாரிடமும் முதிய பெண்களிடமும் கேட்டு, ஊர்தோறும் உள்ள வேறுபாடுகளுடன் ஒரு சிறு சொல்லகராதியாகத் தொகுக்கலாம். அந்தப் பணியில் மேல்வகுப்பு மாணவர்களையே ஈடுபடுத்தலாம். இம்மலைப் பள்ளிகளுக்குப் புதிதாக அமர்த்தப்படும் ஒவ்வோர் ஆசிரியரும் முதல் பாடம் நடத்துவதற்கு முன் அந்த அகராதியைப் படித்திருக்க வேண்டும் என்பதைப் பணி விதியாக்கலாம்.