ஒன்பதாவது எண்ணில் நின்ற நிரல்
(பணியிடைப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் அமர்ந்திருக்கும் அரங்கில் நிரலைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். ஆனால் நான் சொல்ல வந்ததில் பாதிதான் நிரல். மீதிப் பாதி, ஒரு மாணவியின் ரெக்கார்டு நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதிய ஒரு வரி.

அணி என்ற பாடம் வந்ததும் பிள்ளைகள் கேட்பது இதுதான்: "எத்தனை எண் வரும்னு முன்னாடியே எப்படி சார் தெரியும்?" நியாயமான கேள்வி. அதற்காகக் கணினி மன்றப் பிள்ளைகளுக்கு, தேவைக்கேற்ப வளரும் அணி ஒன்றைச் சி மொழியில் ஒரு சிறிய லைப்ரரியாக எழுதிக் கொடுத்தேன். முதலில் நான்கு எண்களுக்கு இடம் பிடிக்கும். நிரம்பினால் எட்டு, பிறகு பதினாறு என்று இரட்டிப்பாகும். இடத்தைப் பெரிதாக்கித் தரும் கட்டளையின் பெயர் ரீஅலாக்.

பத்தாம் வகுப்பின் ஐந்து பாட மதிப்பெண்களைப் போட்டுப் பார்த்தேன், சரி. பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்களைப் போட்டேன்; அதுவும் சரி. நம் கையில் எப்போதும் இருக்கும் எண்கள் அவைதானே!

ஒரு மாணவி பள்ளி மழைமானியில் எடுத்த பன்னிரண்டு மாத அளவுகளைப் போட்டாள். "செப்டம்பர் போட்டதும் நின்னுடுது சார்" என்றாள். திரையில் 'ரீஅலாக்: இன்வாலிட் நெக்ஸ்ட் சைஸ்' என்று ஒரு செய்தி. செப்டம்பருக்கு ஏதோ தப்பாகத் தட்டியிருப்பாள் என்று நினைத்து, "உள்ளீட்டைக் கவனமாகச் சரிபார்" என்று நோட்டில் எழிதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் வந்து நின்றாள். "ஏப்ரல்ல ஆரம்பிச்சுப் பார்த்தேன் சார். இப்ப டிசம்பர்ல நிக்குது. மாசம் இல்ல சார், ஒன்பதாவது எண்."

ஒன்பதாவது எண்ணில்தான் எட்டு, பதினாறாக வளர வேண்டும். அப்போதுதான் என் நிரலையே திறந்து பார்த்தேன்.

தவறு ஒரே வரியில் இருந்தது. ரீஅலாக்கிடம் எத்தனை பைட் வேண்டும் என்று கேட்க வேண்டும். நான் எத்தனை எண்கள் என்று கேட்டிருந்தேன். ஓர் இன்ட் எண்ணுக்கு எங்கள் கணினியில் 4 பைட். எட்டு எண்களுக்கு 32 கேட்க வேண்டிய இடத்தில் வெறும் 8 கேட்டிருக்கிறேன். அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைப்பவன் நான்!

அப்படியானால் ஐந்தும் ஆறும் எப்படிச் சரியாக வந்தன? ஒரு குழந்தை உட்கார நான்கு தளக்கற்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குழந்தைகளுக்கு இடம் கேட்கப் போன நான், எட்டுக் கல் போதும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இடம் கொடுப்பவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் 24 கல்லுக்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. எங்கள் ஆய்வகத்தின் 64 பிட் லினக்ஸில் நடப்பது இதுதான். 24 கல்லில் ஆறு குழந்தைகள் வசதியாக உட்காருவார்கள். ஏழாவது குழந்தை எங்கே உட்காரும்? அடுத்த இடத்தின் அளவு எழுதியிருக்கும் பலகையின் மேல். ஏழாவதும் எட்டாவதும் அந்தப் பலகையை அழித்துவிட்டன. அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஒன்பதாவதற்காக மீண்டும் இடம் கேட்டபோதுதான் பலகையைப் படித்துப் பார்த்து நிரலை நிறுத்தினார்கள். குறை பிறந்தது ஐந்தாவது எண்ணில், சேதம் ஏழாவதில், கூச்சல் ஒன்பதாவதில்.

வால்கிரைண்ட் என்ற இலவசக் கருவி ஒன்று உண்டு. நாம் கேட்டு வாங்கிய இடத்துக்கு வெளியே ஒரு பைட் எழுதினாலும் சொல்லிவிடும். அவளையே பக்கத்தில் உட்காரவைத்து அதில் ஓட்டினேன். ஐந்தாவது எண்ணிலேயே பிடித்தது. அதாவது, சரி என்று நான் நம்பிய அந்த ஐந்து பாடக் கணக்கே தப்பு. தற்செயலாகத்தான் தப்பித்திருக்கிறது. எனக்கு அந்தச் செப்டம்பரைவிட இதுதான் உறைத்தது.

திருத்தம் சிறியது. எண்ணிக்கையை சைஸ்ஆஃப் இன்ட் என்பதால் பெருக்கினேன். கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரீஅலாக் தரும் புதிய முகவரியை நேராகப் பழைய சுட்டியிலேயே போட்டிருந்தேன். இடம் கிடைக்காவிட்டால் அது வெற்று முகவரியைத் தரும். பழைய இடம் அப்படியே இருக்கும், ஆனால் அதன் முகவரி நம் கையை விட்டுப் போய்விடும். புது வீட்டுச் சாவி கைக்கு வருமுன் பழைய வீட்டு முகவரியைத் தொலைப்பது போல. தனிச் சுட்டியில் வாங்கிச் சரிபார்த்த பிறகு மாற்றும்படி எழுதினோம்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் எடுப்பவர்கள் இந்த வளர்ச்சியை அபாயம் இல்லாமல் காட்டலாம். 64 பிட் கணினியில் வெற்று லிஸ்ட்டின் அளவைக் கெட்சைஸ்ஆஃப் கொண்டு கேட்டால் 56 என்று வரும். அப்பெண்ட் மூலம் ஓர் எண் சேர்த்தால் 88. நான்காவது வரை அதே 88. ஐந்தாவதில் 120. "ஏன் சார் நடுவுல மாறவே இல்ல?" என்று கேட்பார்கள். கேட்கும்வரை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த நோட்டை வாங்கி, என் வரியை அடித்துவிட்டு, "பிழை ஆசிரியரின் நிரலில், கண்டுபிடித்தது மாணவி" என்று எழுதித் தேதி போட்டேன். பன்னிரண்டு மாத மழையும் ஏறியது. அடுத்த வாரம் தினசரி அளவுகள் 365-ஐயும் போட்டுக்கொண்டு வந்தாள். "சார், எண்ணை நீக்கினா இடம் சுருங்குமா?" என்று கேட்டாள். சுருக்கும் பகுதியை நான் எழுதவே இல்லை. அதை இப்போது அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.