பிராயம் வந்தோர்க்குச் சின்னம்மை

கடன், விதை, உரம் ஆகியவையே கூட்டுறவுச் சங்கத்தின் காரியங்களென்று எண்ணுவோர் பலர். ஆனால் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கை நோயில் வீழுமாயின், சங்கத்தின் கணக்கும் உடன் வீழும். ஆதலால் அங்கத்தினரின் தேக சுகம் சங்கத்திற்குப் புறம்பான விஷயமன்று.

சின்னம்மை குழந்தைகளின் வியாதி என்றே கருதப்படுகிறது. குளிர் தேசங்களில் பெரும்பாலார் சிறு பிராயத்திலேயே அதனை அடைந்து தேறிவிடுவர். உஷ்ண தேசங்களிலோ அநேகர் அந்நோய் வாராமலே வளர்ந்துவிடுகின்றனர். எனவே கோட்டுச்சேரியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏர் பிடிப்போரிலும் வலை வீசுவோரிலும் காப்பற்றவர் சிலர் இருத்தல் கூடும்.

இதுபற்றித் தவறான எண்ணங்கள் இரண்டு உண்டு. முதலாவது, “வயது வந்தவரை அது அணுகாது” என்பது. வயது ஒரு காப்பன்று. அம்மையென்னும் பொதுப் பெயரால் வழங்கும் நோய்களுள் வேறொன்றாகிய தட்டம்மையின் வரலாறு இதனை நன்கு விளக்கும். வட அட்லாண்டிக் கடலிலுள்ள பாரோ தீவுகளில் 1781-ஆம் ஆண்டிற்குப்பின் 65 ஆண்டுகள் தட்டம்மை இல்லாதிருந்தது. 1846-இல் அது மீண்டும் புகுந்தபோது, அங்கிருந்த ஏறக்குறைய 7,800 பேருள் 6,000 பேர் நோயுற்றனர். அவருள் நடுப்பிராயத்தாரும் முதியோரும் இருந்தனர். ஆனால் 1781-இல் அந்நோயுற்றுத் தேறிய கிழவர்களை அது தீண்டவில்லையென்று, ஆராயச் சென்ற பானம் என்னும் வைத்தியர் எழுதிவைத்தார். முன் வந்த நோய் காத்ததேயன்றி, வயது காக்கவில்லை. சின்னம்மைக்கும் இவ்விதி பொருந்தும்.

இரண்டாவது, “கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது” என்பது. அத்தழும்பு பெரியம்மைக்காகக் குத்தப்பட்டது. பெரியம்மை இந்தியாவை விட்டு 1975-இல் நீங்கிற்று. அக்குத்தல் சின்னம்மையைத் தடுக்காது.

குழந்தைக்கு இலேசாகக் கழியும் இந்நோய் பெரியவரைக் கடுமையாக வருத்தும். அமெரிக்காவில் தடுப்பூசி வருமுன் எடுத்த கணக்கின்படி, நோயுற்ற சிறுவருள் லட்சத்திற்கு ஒருவர் இறக்க, பெரியவருள் லட்சத்திற்கு ஏறக்குறைய 20 பேர் இறந்தனர். பெரும் அபாயம் நுரையீரல் அழற்சியே. பீடி, சுருட்டு குடிப்போர்க்கு அது மிகுதி. கர்ப்பிணிகளுக்கு நோய் கண்டால் தாய்க்கும் சிசுவுக்கும் கேடு விளையலாம்.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, அயலாரை உள்ளே விடாதிருப்பது முன்னோர் கண்ட நல்வழக்கம். நோய் பரவாமல் தடுக்க அது உதவும். ஆனால் மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரையில் வைத்தியரை அழைத்தலாகாது என்பது தீய வழக்கம். அசைக்ளோவிர் என்னும் மருந்தைக் கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்திற்குள் தொடங்கினால் நற்பயன் உண்டு. நாட்கள் கழிந்தபின் அப்பயன் குறையும். தெய்வ பக்தியும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மூச்சுத் திணறல், ஓயாத இருமல், நெஞ்சு வலி, பிதற்றல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நோயாளியைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். ஜுரத்திற்கு ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. கொப்புளங்கள் யாவும் உலர்ந்து பக்குக் கட்டும்வரை நோயாளி வயலுக்கும் சந்தைக்கும் செல்லலாகாது. அக்கி கண்டவரும் தம் கொப்புளங்களை மூடி வைத்தல் நலம். இரண்டும் ஒரே கிருமியால் வருவன.

வருமுன் காத்தலே மேலானது. சின்னம்மைத் தடுப்பூசியை ஜப்பானிய வைத்தியரான டகாஹாஷி 1974-இல் ஆக்கினார். காப்பற்ற பெரியவர் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இருமுறை அதனைப் போட்டுக்கொள்ளுதல் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. கர்ப்பம் தரிக்குமுன் போட்டுக்கொண்டு, ஒரு மாத காலமாவது பொறுத்தல் அவசியம். வீட்டில் ஒருவர்க்கு நோய் கண்டபின்னும் மூன்று நாட்களுக்குள் ஊசி போட்டால் மற்றவர் பெரும்பாலும் தப்புவர். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இவ்வூசி சேர்க்கப்படவில்லையாதலால், பெரும்பாலார் தம் பொருளைச் செலவிட்டே இதனைப் பெற வேண்டியிருக்கிறது.

இங்கேதான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. நடவு நாளில் படுக்கையில் விழுந்த ஒரு கூலியாள் இரண்டு வாரக் கூலியை இழக்கிறான். அவன் மனைவி வட்டிக்கடை வாயிலில் நிற்கிறாள். அந்நிலை வாராதிருக்க மூன்று காரியங்கள் போதும். நோய் மிகும் மாசி பங்குனிக்கு முன்பே, எந்தெந்த அங்கத்தினர்க்குச் சின்னம்மை வந்ததில்லை என்று வீடுதோறும் கேட்டு ஒரு ஜாபிதா எழுதுக. ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரை ஒரு நாள் சங்கத்திற்கு அழைத்து, அதிலுள்ளோர் ஆலோசனை பெறச் செய்க. ஊசிக்கு வழியற்றவர்க்குச் சிறு கடன் கொடுத்து, அறுவடையில் வசூலிக்க. விதைக்குக் கடன் கொடுக்கும் சங்கம், விதைக்கும் கையைக் காக்கவும் கடன் கொடுப்பது முறையே.