சுவரில் மாட்டும் பழைய சித்திரங்கள்: தொழில் தொடங்கும் முன் நாலு விஷயம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்கள் சிலவற்றில் ஒரு யோசனை ஓடிக்கிட்டிருக்கு. பழங்காலப் பூவேலை, கொடிவேலைச் சித்திரங்களைக் கேன்வாஸ் துணியில் பிரிண்ட் போட்டு, பிரேம் கட்டி விற்கலாமா என்பதுதான் அது. கடன் கேட்கும் முன்னாடி நாலு விஷயத்தை நாம தெரிஞ்சுக்கணும்.

முதலாவது, இந்தச் சித்திரங்கள் எங்கிருந்து வருது? 1851-ல் லண்டனில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்தது. நம் நாட்டுத் துணிகளும் கைவினைப் பொருட்களும் அங்கே போயின. அந்தக் கட்டடத்தின் உள்ளே வண்ணம் அமைத்தவர் ஓவன் ஜோன்ஸ். நம் வேலைப்பாட்டைப் பார்த்து அவர் அசந்து போனார். 1856-ல் பல நாட்டு அலங்காரச் சித்திரங்களை 100 வண்ணப் பக்கங்களில் புத்தகமாகப் போட்டார். அதில் இந்தியாவுக்குத் தனிப் பகுதியே உண்டு. இன்றும் அந்தப் பக்கங்களைக் கேன்வாஸில் அச்சடித்து விற்கிறார்கள். புத்தகம் போட்டவர் பேர் நிலைச்சிருக்கு. துணி நெய்தவங்க பேரை யார் சொல்றாங்க?

இரண்டாவது, நாம எடுத்துக்கலாமா? நம் நாட்டுச் சட்டப்படி, ஒருவர் வரைந்த படத்துக்கு அவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. ஜோன்ஸ் 1874-ல் இறந்துவிட்டார். ஆகவே அந்தப் பழைய பக்கங்களைப் பயன்படுத்தத் தடை இல்லை. ஆனால் இன்றைய ஓவியர் அதை மாற்றிப் புதுசாக வரைந்திருந்தால், அது அவர் சொத்து. கேட்காமல் எடுக்கக் கூடாது.

மூன்றாவது, பேர் சொல்லி விற்பது. அரியலூர் மாவட்டம் கருப்பூரிலும், தஞ்சை மாவட்டம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரி வரைகிறார்கள். கோயில் தேருக்குத் தொம்பை, மேலே கட்டும் விதானம் எல்லாம் அவங்க கைவேலை. கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் சேர்த்துப் பதப்படுத்தணும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுக் கருப்புச் சாயம் எடுக்கணும். மூங்கில் குச்சியால் ஒவ்வொரு கோடாக இழுக்கணும். இந்த ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. மெஷினில் அச்சடித்த துணிக்கு அந்தப் பேரை ஒட்டினால், இன்னொரு பெண்ணின் சோற்றில் நாம கை வைக்கிற மாதிரி. சட்டப்படியும் தப்பு. பிரிண்ட்டை பிரிண்ட் என்றே சொல்லி விற்போம்.

நாலாவது, நமக்கு என்ன மிஞ்சும்? துணிக்கும் அச்சுக்கும் கொடுக்கிற காசு மெஷின் வைத்திருப்பவருக்குப் போயிடும். பிரேம் கட்டுவது, பேக் பண்ணுவது, விற்பது மட்டும்தான் நம் கூலி. 500 ரூபாய்க்கு விற்கிற படத்தில் வெளியே போகிற காசு 400 என்றால், மீதி 100-ல்தான் வட்டி, பஸ் செலவு, நம் உழைப்பு எல்லாம் அடங்கணும். இந்தக் கணக்கை ஒவ்வொரு குழுவும் தாளில் போட்டுப் பார்க்கணும்.

அதனால் மெஷின் வாங்கக் கடன் இப்போதைக்கு வேண்டாம். பத்துப் படம் வெளியே அச்சடித்து, நம்ம ஊர்த் திருவிழாக் கடையில் வைப்போம். பக்கத்திலேயே நம் கையால் வரைந்த கோலத் துணி பத்து வைப்போம். எது போகுதுன்னு பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். அடுத்த கூட்டத்தில் எல்லாக் குழுவும் கணக்கோடு வாங்க. அப்புறம் கடனைப் பத்திப் பேசுவோம்.