ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கக்கூடாது
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நல்லாட்சியும் பொறுப்புக்கூறலும்" என்ற தலைப்பைச் செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். 2015 இல் வந்த அரசாங்கம் அந்தச் சொல்லைத் தன் பெயராகவே சூடிக்கொண்டது. அதன்பிறகு தெருவிளக்கு எரியாவிட்டாலும் "இதுதான் நல்லாட்சி" என்று சொல்லுகிற பழக்கம் நம்மூரில் வந்துவிட்டது. சொல் கெட்டுப்போனது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் செய்யப்பட்ட ஒரு காரியம் இன்னும் கெடவில்லை. அதைப்பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் நாட்டுச் சீர்திருத்தங்கள் பெரும்பாலும் ஊஞ்சல் போல ஆடுபவை. 2001 இல் 17 ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 2010 இல் 18 ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2015 இல் 19 ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. 2020 இல் 20 ஆவது திருத்தம் மீண்டும் எடுத்தது. 2022 இல் 21 ஆவது திருத்தத்தோடு மறுபடி வந்தது. இவ்வளவு ஆட்டத்திலும் ஒன்று மட்டும் அசையாமல் இருந்தது. 19 ஆவது திருத்தம் அடிப்படை உரிமைகளோடு சேர்த்த 14அ உறுப்புரை, அதாவது தகவலை அணுகும் உரிமை. அதை 20 ஆவது திருத்தமும் தொடவில்லை.

அந்த உரிமைக்கான சட்டமும் இலேசில் வந்ததல்ல. 2004 இல் ஒரு சட்டமூலம் அமைச்சரவையின் அங்கீகாரம் பெற்றது. பாராளுமன்றம் கலைக்கப்பட அதுவும் போயிற்று. 2011 இல் தனிநபர் பிரேரணையாக வந்தது தோற்கடிக்கப்பட்டது. கடைசியில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

அப்போது நான் வடக்கில் ஓர் அரச அலுவலகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தேன். ஒருநாள் காலை, "இன்றிலிருந்து நீங்கள்தான் தகவல் அலுவலர்" என்று ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. கோவையை மூடிவைக்கத்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். தாபன விதிக்கோவையில் எதை வெளியே சொல்லக்கூடாது என்று விதிகளே உண்டு. புதிய சட்டமோ, மற்றச் சட்டங்கள் என்ன சொன்னாலும் இதுவே மேலோங்கும் என்றது. சட்டப்படி தகவல் கொடுத்த உத்தியோகத்தரைத் தண்டிக்கக்கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தப் பிரிவை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன்!

முதல் சில மாதங்களில் ஓர் அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும். வீட்டுத்திட்டப் பட்டியலில் தன் பெயர் இல்லை, ஏன் என்று தெரியவேண்டும் என்றார். அதற்கு முன்பு நாலைந்து முறை வந்து, "பிறகு வாங்கோ" என்ற பதிலோடு திரும்பியவர். இந்தமுறை யாரோ படித்த பிள்ளை எழுதிக்கொடுத்த விண்ணப்பம் கையில் இருந்தது. நான் வாங்கிப் படித்துவிட்டு, வாய்ப் பழக்கத்தில், "ஏனம்மா இதைக் கேக்கிறியள்?" என்றேன்.

அந்தக் கேள்வியைத்தான் கேட்கக்கூடாது. தகவல் கோருபவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த அம்மாவுக்குச் சட்டம் தெரியாது. "என்ர பெயரைத்தானே பிள்ளை கேக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

பதினான்கு வேலை நாட்களுக்குள் நான் பதில் சொல்லியாகவேண்டும். கோவையைத் தேடி எடுக்கவே ஒரு கிழமை போயிற்று. மற்றவர்களின் சொந்த விபரங்களை மறைத்து, அவருடைய புள்ளித்தாளின் பிரதியைக் கொடுத்தேன். குறிப்பு என்ற இடத்தில் பேனாவால் இரண்டே சொற்கள்: "மகன் வெளிநாட்டில்." அதனால் புள்ளி குறைந்திருந்தது.

அந்த மகன் 2009 இல் காணாமற்போனவர்.

"அவன் வெளிநாட்டில எண்டு ஆர் கண்டது, பிள்ளை? கண்டவை எனக்கும் ஒருக்காச் சொல்லலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் குறிப்பை எழுதியவர் மாற்றலாகிப் போயிருந்தார். அம்மா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, மேன்முறையீடு எழுதச் சொல்லி வெளியே நின்ற பிள்ளையைக் கூப்பிட்டார். பெயர் அடுத்த பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. ஒருவருக்கும் காட்டவேண்டியதில்லை என்று நினைத்து எழுதியபடியால்தானே அந்த இரண்டு சொற்களையும் அவ்வளவு இலேசாக எழுத முடிந்தது? அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் குறிப்பு எழுதுகிறவர்கள் எழுதும் முன் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. தகவல் தராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் முறையிடலாம், பிறகு ஆணைக்குழுவிடம் போகலாம், அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. இவ்வளவு படியும் ஏறப் பொறுமை வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர்களில் யார் யார் சொத்து விபரம் சமர்ப்பித்தார்கள் என்ற வெறும் பெயர்ப்பட்டியலைக் கேட்ட விடயம் நீதிமன்றம் வரை இழுபட்டது. அதைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2023 பெப்ரவரியில். காணாமற்போனோரின் உறவுகளும் இந்தச் சட்டத்தின் கதவைத் தட்டினார்கள். அவர்கள் தேடும் பதில் இன்னும் வரவில்லை.

இனி வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று. இந்த உரிமை பிரஜைகளுக்கு மட்டுமே. இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டவர்கள் தனியாக விண்ணப்பிக்க முடியாது. ஆனால் உறுப்பினரில் நாலில் மூன்று பங்கினர் பிரஜைகளாக உள்ள ஒரு சங்கமும் சட்டத்தின் கண்ணில் பிரஜைதான். நம் தாய்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைச் செயலாளர் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பாடசாலை முன் வீதி மூன்று மாரியாகக் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. கூட்டத்துக்குக் கூட்டம் அதைப் பற்றிக் கதைக்கிறோம். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு வேலைத்திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பொதுமக்களுக்கு விபரம் சொல்லவேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. அந்த வீதிக்குப் பணம் ஒதுக்கினார்களா, ஒதுக்கினால் எங்கே போனது என்று எழுத்தில் கேட்க நமக்கு ஒரு தாள் போதும்.

மண்டபத்தில் சில ஆசிரியர்களின் முகம் பார்க்கிறேன். "கதைக்காதை, சொன்னதைச் செய்" என்று நம்மை வளர்த்தவர்கள். அவர்களில் குற்றமில்லை, காலம் அப்படி. ஆனால் முன்வரிசையில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், காரணம் சொல்லாமலே கேட்கலாம் என்று நீங்களே ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

நம் சங்கத்தை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் உள்ள சகோதரிகள் அனுப்பிய பணத்தில்தான் இந்த விழா நடக்கிறது. வரவுசெலவை அறிவித்தல் பலகையில் ஒட்டலாமா என்று பொருளாளரிடம் காலையில் கேட்டேன். "ஏன் கேக்கிறீங்கள் அக்கா?" என்றார். பிறகு இருவரும் சிரித்தோம். அடுத்த மாதம் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

விண்ணப்பப் படிவங்கள் சில கொண்டுவந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கின்றன. படிவம் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளிலும் எழுதலாம். எழுத முடியாதவர் வாயாலும் கேட்கலாம், அலுவலர் அதை எழுத்தில் எடுத்தே ஆகவேண்டும்.