உதைபந்தும் கொலைவாளும்



2021 ஒக்டோபரில் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் இங்கிலாந்தின் நியூகாசில் உதைபந்தாட்டக் கழகத்தில் நூற்றுக்கு 80 பங்கை வாங்கிற்று. நிதியத்தின் தலைவர் யார்? பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான்! ஆயினும் சவூதி அரசு கழகத்தை ஆளாது என உறுதிமொழி கிடைத்ததாம்; பிரீமியர் லீக் அனுமதி அளித்தது.

2022 மார்ச் 12ஆம் நாள் அவ்வரசு 81 பேரை மரணதண்டனைக்கு உள்ளாக்கிற்று. மறுநாள் நியூகாசில் அணி இலண்டனில் பந்தாடிற்று. பந்துக்கும் கொலைவாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உளர். விடையை அந்நிதியமே தந்தது. 2023இல் கோல்ப் வழக்கொன்றில் அமெரிக்க நீதிமன்றம் ஆவணங்களைக் கோரியபொழுது, தாம் சவூதி அரசின் அங்கம் என்றும், தம் ஆளுநர் பதவியிலுள்ள அமைச்சர் என்றும் வாதாடி விலக்குக் கேட்டது. அந்த ஆளுநரே நியூகாசில் கழகத்தின் தலைவர்!

கழகம் வாங்கும்பொழுது அரசன்று. கணக்குக் கேட்டால் அரசு! பிரீமியர் லீக் அவ்வுறுதிமொழியை மீண்டும் எடுத்து வாசிக்கட்டும்.