கனடாவில் பொறியியற் கல்வி: பெயரா, பொருத்தமா?



1971 ஆம் ஆண்டு இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, பேராதனைப் பொறியியற் பீடத்தில் நுழையச் சிங்கள மொழி மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழி மாணவருக்கு 250 தேவைப்பட்டன. அன்று கதவடைக்கப்பட்ட தலைமுறையினர் பலர் இன்று கனடாவில் பேரப்பிள்ளைகளுடன் வாழ்கின்றனர். தமக்குக் கிடைக்காதது பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்ற அவர்களது ஏக்கம் இன்றைய பெற்றோரிடமும் தொடர்கின்றது. அது நியாயமானதே. ஆயினும் அவ்வேக்கம் உலகத் தரவரிசையின் மேலிடத்தை மட்டுமே தேடுமாயின் பிள்ளைக்குப் பயன் தராது. அப்பட்டியல்கள் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளையும் கல்வியாளரிடையேயான நன்மதிப்பையும் கொண்டே கணிக்கப்படுகின்றன. முதலாண்டு வகுப்பறையில் என்ன நடக்கின்றது என்பதை அவை அரிதாகவே காட்டும்.

அவ்வாறாயின் எதனைப் பார்க்கவேண்டும்?

முதலாவது, அங்கீகாரம். கனடியப் பொறியியல் அங்கீகாரச் சபை 1965 முதல் இயங்கி வருகின்றது. அது பல்கலைக்கழகத்தை அன்றி, ஒவ்வொரு பட்டப்படிப்பையும் தனித்தனியே ஆராய்ந்து அங்கீகரிக்கின்றது. உரிமம் பெறாதவர் தம்மைத் தொழில்முறைப் பொறியியலாளர் என அழைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கின்றது. ஒன்ராறியோவில் அவ்வுரிமத்திற்கு 48 மாத வேலை அனுபவமும், தொழில் ஒழுக்கமும் சட்டமும் பற்றிய தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். அங்கீகாரமற்ற படிப்பை முடித்தவர் மேலதிகத் தொழில்நுட்பத் தேர்வுகளையும் எழுத நேரிடலாம்.

இரண்டாவது, வேலையோடு இணைந்த கல்வி. 1957 இல் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் அனைவரும் நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என மாறிமாறிப் பயில்கின்றனர். பட்டம் பெற ஏறத்தாழ ஐந்தாண்டு ஆகும். ஆனால் ஊதியமும் அனுபவமும் சேரும். வகுப்புகளுக்கிடையே நேர்முகத் தேர்வு, அடிக்கடி ஊர் மாறுதல் ஆகியன அதன் சுமைகள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலோ மாணவர் பெரும்பாலும் ஓராண்டு அல்லது அதற்கு மேல் தொடர்ச்சியாக ஒரே நிறுவனத்தில் பணிபுரியலாம். எது ஏற்றது என்பது பிள்ளையின் இயல்பைப் பொறுத்தது.

மூன்றாவது, துறைத் தேர்வு. பதினேழு வயதில் எல்லோருக்கும் தெளிவு இராது. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பொதுவாக அமைந்துள்ளது. பின்னரே துறை தெரிவு செய்யப்படுகின்றது. ஆனால் விரும்பிய துறை முதலாண்டுப் பெறுபேற்றைப் பொறுத்தே கிடைக்கும்.

அனுமதிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலம், பௌதிகவியல், இரசாயனவியல், இரு கணித பாடங்கள் பொதுவாகக் கேட்கப்படுகின்றன. வாட்டர்லூவும் ரொறன்ரோவும் புள்ளிகளோடு மாணவரின் ஆர்வங்களையும் செயற்பாடுகளையும் கேட்டறிகின்றன. தமிழ்ப் பள்ளித் தொண்டும் விளையாட்டும் அங்கே எடுத்துரைக்கத்தக்கவை. அவற்றை மாணவர் தம் சொற்களிலேயே எழுதவேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்தல் ஆகாது.

விண்ணப்பிக்குமுன் ஒரு மாலைப் பொழுதேனும் பிள்ளையோடு அமர்ந்து, அவர் எதைச் செய்து பார்க்க விரும்புகிறார் எனக் கேளுங்கள். பொறியியலே வேண்டாம் என்பது விடையாயின் அதனையும் செவிமடுங்கள். கதவடைப்பின் வலியை அறிந்த சமூகம், தன் பிள்ளைகளின் விருப்பத்திற்குக் கதவடைக்கலாகாது.