பம்பை மாற்றும் முன் சென்சாரைப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. கார் வைத்திருக்கிற, ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்ட ஆள். அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறல். சாத்தான்குளத்தில் இருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நம் எதிர் வீட்டு அண்ணாச்சி தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்ததால் அம்மாவை நேரத்தோடு சேர்த்தோம். அம்மா நலமாக இருக்கிறார்கள். ராத்திரி நேரத்தில் இந்த வளாகத்தில் யாருக்காவது முடியவில்லை என்றால், பல சமயம் நம்மில் ஒருவர் வண்டிதான் ஓடுகிறது. அதனால் இது என் வண்டிக் கதை மட்டும் இல்லை.

அடுத்த நாள் வண்டியைக் கட்டி இழுத்து ஓர் இடத்தில் விட்டேன். "ஹை பிரஷர் பம்ப் போச்சு, 42,000 ஆகும்" என்றார்கள். இன்னோர் இடத்தில் "நாலு இன்ஜெக்டரும் போச்சு" என்றார்கள். கடைசியில் பழுதாகி இருந்தது கட்டை விரல் அளவு சென்சார் ஒன்று.

இது எப்படி நடக்கிறது? நம் மேல்தொட்டியை நினைத்துப் பாருங்கள். கோடையில் தண்ணீர் ஏறவில்லை என்று மோட்டாரைக் கழற்றப் போனோம். பார்த்தால், தொட்டிக்குள் இருக்கும் மட்டம் காட்டும் கம்பியில் உப்பு படிந்திருந்தது. தொட்டி காலியாக இருந்தும் 'நிறைந்துவிட்டது' என்று அது சொன்னது. ஆட்டோமேட்டிக் பெட்டி அதை நம்பி மோட்டாரை நிறுத்தி வைத்தது. மோட்டார் நல்ல மோட்டார்தான்.

இன்றைய டீசல் காரும் அப்படித்தான். டேங்கில் இருந்து டீசல் ஃபில்டர் வழியாக ஹை பிரஷர் பம்புக்குப் போகிறது. பம்ப் அதை அழுத்தி 'ரெயில்' என்கிற கனமான இரும்புக் குழாயில் ஏற்றுகிறது. அந்தப் பொதுக் குழாயில் இருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் பிரிகிறது. அதனால்தான் 'காமன் ரெயில்' என்று பெயர். பயணியர் காரில் இது முதலில் வந்தது 1997இல், இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 156இல். நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம், பிற்காலத்தில் டெல்ஃபி நிறுவனத்தோடு சேர்ந்து சென்னைக்கு அருகே மண்ணூரில் டீசல் இன்ஜெக்ஷன் பாகங்கள் செய்யும் ஆலையை நடத்தியது.

எஞ்சின் சும்மா ஓடும்போது ரெயிலில் சுமார் 250 முதல் 350 பார் அழுத்தம் இருக்கும். முழுச் சுமையில் பல வண்டிகளில் 1600 பார் வரை போகும். நம் டயரில் இருக்கும் காற்றைப் போல ஏறக்குறைய 700 மடங்கு. இந்த அழுத்தத்தை அளந்து எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் ரெயில் முனையில் திருகியிருக்கும் சென்சார். அது 'அழுத்தம் எகிறிவிட்டது' என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் குறைக்கும், வண்டி நிற்கும். 'அழுத்தமே இல்லை' என்று சொன்னால், ஸ்டார்ட் ஆக விடாது. சில வண்டிகள் வேகத்தைக் கட்டுப்படுத்தி, மெதுவாக வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் ஓடும்.

இதே அறிகுறிகள் ஃபில்டர் அடைத்தாலும் வரும், குழாயில் காற்று புகுந்தாலும் வரும், பம்ப் தேய்ந்தாலும் வரும். எனவே சோதித்துப் பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது. எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் நாசரேத் ரோட்டில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர். "தம்பி, வண்டி என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேளும். அப்புறம் ஸ்பேனரத் தொடலாம்" என்றார். அவர் செய்த வரிசையைச் சொல்கிறேன்.

முதலாவது, ஸ்கேனர். நம் நாட்டில் 2013 ஏப்ரலில் இருந்து கார்களுக்கு ஓ.பி.டி. இரண்டாம் நிலை கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரை மாட்டினால் பிழை எண் வரும். பி0190 முதல் பி0194 வரை வந்தால் சென்சார் அல்லது அதன் வயர். பி0087 என்றால் அழுத்தம் போதவில்லை. அங்கே ஃபில்டர், பம்ப் பக்கமும் பார்க்க வேண்டும். எண்ணை எழுதி வைக்காமல் அழிக்க விடாதீர்கள். முதல் இடத்தில் என் வண்டியின் பதிவை அழித்துவிட்டார்கள். அது திரும்ப வரும்வரை ஒரு வாரம் வீணாயிற்று.

இரண்டாவது, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் ஆன் செய்து, எஞ்சினை எடுக்காமல் ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நிற்கிற வண்டியில் 200 பார் என்று காட்டினால் அந்த அளவை நம்ப முடியாது.

மூன்றாவது, கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நாம் மணப்பாடு, உவரி பக்கம் அடிக்கடி போய் வருகிறோம். கடல் காற்றின் உப்பும், தேரிப் புழுதியும் சேர்ந்தால் பின்னில் பச்சைப் பூஞ்சை மாதிரி பிடிக்கும். அதைச் சுத்தம் செய்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

நான்காவது, மல்டிமீட்டர். பெரும்பாலும் மூன்று வயர் இருக்கும்: 5 வோல்ட் வருவது, எர்த், சிக்னல். 5 வோல்ட் வராவிட்டால் குற்றம் சென்சாரில் இல்லை, வயரில் தேட வேண்டும். எல்லாம் மாட்டிய நிலையில், அழுத்தம் இல்லாதபோது சிக்னலில் பல வண்டிகளில் அரை வோல்ட் அளவு வரும். சரியான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வண்டியை ஓட்டிச் சூடேற்றிப் பார்ப்பது. என் வண்டியில் குட்டு வெளிப்பட்டது இங்கேதான். குளிர்ந்திருக்கும்போது எல்லா அளவும் சரி. அரை மணி நேரம் ஓடியதும், ஸ்கேனரில் 300 இருந்தது நொடிக்குள் 1500, அடுத்த நொடி பூஜ்யம். ஃபில்டரோ பம்போ போனால் அளவு தேவைக்குக் கீழே இறங்கி நிற்கும், இப்படித் துள்ளாது. வயரை அசைத்துப் பார்த்தார், வயர் சரியாக இருந்தது. "சென்சார்தான்" என்று அப்போதுதான் சொன்னார்.

இனி மாற்றுவது. இதை வீட்டில் நீங்களே செய்யாதீர்கள். எஞ்சின் ஓடும்போது ரெயிலில் எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழுதான சென்சார் 'அழுத்தம் பூஜ்யம்' என்று காட்டுவதை நம்பியும் கை வைக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, கம்பெனி சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும்.

மெக்கானிக் மாற்றும்போது நாலு விஷயம் பாருங்கள். பாட்டரி நெகட்டிவைக் கழற்றினாரா? தூசி உள்ளே போகாமல் சுற்றிலும் துடைத்தாரா? புது சென்சாரின் பார்ட் நம்பர் ஒத்துப்போகிறதா? டார்க் ரென்ச் வைத்து, சொன்ன அளவுக்கு முறுக்கினாரா? டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. இரும்போடு இரும்பு பொருந்தித்தான் அடைக்கிறது. சில மாடல்களில் சென்சார் தனியாகக் கிடைக்காது, ரெயிலோடுதான் வரும். சில வண்டிகளில் மாற்றியபின் ஸ்கேனரில் புது அளவைப் பதிய வேண்டும். கசிவு பார்க்க அட்டையைப் பிடியுங்கள், கையை அல்ல. கடைசியில் எஞ்சினைச் சூடேற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மாடல்களில் அழுத்தம் 3, 4 பார்தான். பலவற்றில் இந்த சென்சாரே இருக்காது. நேரடி இன்ஜெக்ஷன் உள்ள புது டர்போ பெட்ரோல் வண்டிகளில் உண்டு. அங்கேயும் இதே வரிசைதான்.

எனக்கு ஆன செலவு, முதலில் கேட்ட 42,000இல் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. முதல் மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சோதிக்காமல் சொன்னார், நானும் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இனி எல்லோரும் கேட்க வேண்டும்.

ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். சங்கம் ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கி வாட்ச்மேன் அறையில் வைக்கலாம். யார் வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்தாலும் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். ராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால் எடுக்கிற வண்டி, பாதி வழியில் நிற்கக் கூடாது.